தீயில் விழுந்தவர்களும் பன்றியின் நாக்கும்

இந்தோனேசியாவின் கிழக்குக் கோடியான பப்புவாவின் மலைப்பகுதியில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில், பனியாய் என்ற பெயருடைய ஏரிகளைச் சுற்றி எகாரி மக்கள் வாழ்கிறார்கள். இரவுக் குளிர் தாங்காமல் குடிசைக்கு நடுவே தீ மூட்டி அதைச் சுற்றிப் படுத்துக்கொள்வது அவர்களிடையே தலைமுறை தலைமுறையாக இருந்துவந்த வழக்கம். 1970-களின் தொடக்கத்தில், அங்குள்ள எனரோட்டலி மருத்துவமனைக்குக் கை கால் கருகிய நிலையில் கொண்டுவரப்படுவோர் வழக்கத்துக்கு மாறாகப் பெருகினர். தீ பழைய தீதான், குடிசையும் பழைய குடிசைதான். உறக்கத்தில் வலிப்பு கண்டு நெருப்புக்குள் விழுந்து, நினைவு திரும்பும்வரை விலகத் தெரியாமல் கிடந்தவர்கள் அவர்கள்.

அதுவரை அந்த ஊர்களில் இப்படியொரு வலிப்பு பரவலாக இருந்ததில்லை. நோயாளிகளின் தோலுக்கடியில் பட்டாணி அளவில் உருண்டைகள் தட்டுப்பட்டன. மலத்தைச் சோதித்தபோது பன்றி நாடாப்புழுவின் துண்டுகள் கிடைத்தன. சில காலம் முன்பு இந்தோனேசிய அரசு நல்லெண்ண அன்பளிப்பாகப் பாலித் தீவிலிருந்து அந்த மலைக்குப் பன்றிகளை அனுப்பியிருந்தது. பன்றி எகாரி மக்களுக்குப் புதிய விலங்கல்ல. பெண் கொடுப்பதும் பகை தீர்ப்பதும் விருந்து வைப்பதும் அங்கே பன்றியை வைத்துத்தான் நடக்கும். அன்பளிப்புப் பன்றிகளின் தசைக்குள் ஒளிந்து வந்த புழுதான் புதியது. நியூ கினி மலைவாழ் மக்களிடையே பரவிய ‘குரு’ என்ற மூளை நோய் பற்றிய ஆய்வுக்காக 1976-ல் நோபல் பரிசு பெற்ற டேனியல் கார்ல்டன் கஜ்டுசெக், 1978-ல் இந்த நிகழ்வைப் பற்றி எழுதியபோது அதை ஒரு தீக்காயக் கொள்ளைநோய் என்றே பதிவு செய்தார்.

வளரும் நாடுகளில் உணவுப் பாதுகாப்பு என்றதும் கெட்டுப்போன இறைச்சி, கலப்படப் பால், ஈ மொய்க்கும் பண்டம் ஆகியவைதான் நினைவுக்கு வரும். உண்டவருக்கு உண்ட மறுநாளே வயிற்றைப் புரட்டும் நோய்களுக்கு அந்த நினைப்பு பொருந்தும். 2015-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி ஆண்டுக்கு 60 கோடிப் பேர் உணவால் நோயுறுகிறார்கள், 4,20,000 பேர் இறக்கிறார்கள். இதில் பெரும்பகுதி வயிற்றுப்போக்குதான். ஆனால் அதே மதிப்பீடு, உணவு வழியாகப் பரவும் ஒட்டுண்ணிகளில் மிகப்பெரிய சுமையை ஏற்றுவது பன்றி நாடாப்புழு என்றும் சொன்னது. 2010-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 28,000 இறப்புகளும், நோயாலும் அகால மரணத்தாலும் இழந்த 28 லட்சம் வாழ்நாள் ஆண்டுகளும் அதன் கணக்கில் சேர்ந்தன. உண்டதற்கும் நோய்க்கும் இடையே பல ஆண்டுகள் ஓடிவிடுவதாலும், நோயாளி பன்றி இறைச்சியைத் தொட்டே இராதவராக இருக்கக்கூடும் என்பதாலும், இதை உணவு நோய் என்று யாரும் எளிதில் அடையாளம் காண்பதில்லை.

இந்தப் புழுவின் வாழ்க்கையில் இரண்டு பாதைகள் உண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் எச்சரிக்கைகள் பலவும் இலக்கு தவறிப் போகின்றன. முதல் பாதை பன்றியிலிருந்து மனிதனுக்கு வருவது. பன்றியின் தசையில் அரை முதல் ஒரு சென்டிமீட்டர் நீளத்தில், நீர் நிறைந்த பை போன்ற புழுக்கட்டிகள் இருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் வெண்புள்ளியாக ஒரு புழுத்தலை உள்மடிந்து காத்திருக்கும். அரைவேக்காட்டில் அந்த இறைச்சியைத் தின்றவரின் சிறுகுடலில் அந்தத் தலை வெளியே நீண்டு, கொக்கிகளாலும் உறிஞ்சிகளாலும் ஒட்டிக்கொண்டு, சில மீட்டர் நீளமுள்ள நாடாப்புழுவாக வளரும். அதனால் பெரிய தொல்லை இருப்பதில்லை. பசி சற்றுக் கூடலாம், வயிறு மந்தமாக இருக்கலாம். பெரும்பாலோருக்கு அதுகூடத் தெரியாது. இரண்டாம் பாதை மனிதனின் மலத்திலிருந்து தொடங்குகிறது. புழுவின் வாற்பக்கத் துண்டுகள் கழன்று மலத்தோடு வெளியேறும். ஒரு துண்டில் 50,000 முட்டைகள் வரை இருக்கலாம். திறந்தவெளியில் கிடக்கும் அந்த மலத்தைப் பன்றி தின்றால் முட்டைகள் அதன் குடலில் பொரிந்து, இரத்தத்தின் வழியாகத் தசைகளுக்குப் போய் மீண்டும் புழுக்கட்டிகளாகும். அதே முட்டை மனிதனின் வாய்க்குள் போனாலும் அதையேதான் செய்யும். மனித உடலையும் பன்றியின் உடலாகவே அது எடுத்துக்கொள்கிறது. தசையில் தங்கினால் கேடில்லை. கண்ணிலும் மூளையிலும் தங்கும்போதுதான் வினை.

மூளைக்குள் போன கட்டி உயிரோடு இருக்கும்வரை பெரும்பாலும் அமைதியாக இருக்கிறது. உடலின் தற்காப்பு அமைப்பு தன்னைக் கண்டுகொள்ளாதபடி பல ஆண்டுகள் ஏமாற்றிக்கொண்டே இருக்கும் திறமை அதற்கு உண்டு. அது சாகத் தொடங்கும்போதுதான் உடல் விழித்துக்கொண்டு தாக்குகிறது. சுற்றியுள்ள மூளைத் திசு வீங்குகிறது, வலிப்பு வருகிறது. புழுவைவிடப் புழுவின் சாவுதான் நோயாளிக்கு ஆபத்தானது என்ற இந்த விசித்திரம், பின்னால் மருந்து கொடுக்கும் இடத்திலும் குறுக்கே வந்து நிற்கும்.

ஆகவே, பன்றி இறைச்சி தின்றால் வலிப்பு வரும் என்று சொல்வது பிழை. இறைச்சியால் வருவது குடலில் நாடாப்புழு. வலிப்பைத் தருவது, நாடாப்புழு உள்ள ஒரு மனிதரின் மலத்திலிருந்து கையிலோ நீரிலோ காய்கறியிலோ ஒட்டி வரும் முட்டை. 1990-91-ல் நியூயார்க்கில், மத விதிகளின்படி பன்றியை அறவே விலக்கிய வைதீக யூதக் குடும்பங்களைச் சேர்ந்த நால்வருக்கு மூளையில் இந்தக் கட்டிகள் கண்டறியப்பட்டு மருத்துவர்கள் திகைத்தனர். லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்து அந்த வீடுகளில் சமையலும் குழந்தைப் பராமரிப்பும் செய்த பணியாளர்களிடம் நாடாப்புழுவின் தடயம் கிடைத்தபோது புதிர் அவிழ்ந்தது. இந்தச் செய்தியை வேலைக்காரர்கள் மீதான பழியாக வாசிப்போர் உண்டு. அந்தப் பணியாளர்கள் தம் வயிற்றில் என்ன இருக்கிறது என்றே அறியாதவர்கள் என்பதையும், அவர்களுடைய ஊர்களில் இதே முட்டை அவர்களின் குழந்தைகளையும் எட்டுகிறது என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

இந்தியாவில் பணியாற்றித் திரும்பிய பிரித்தானியப் படைவீரர்கள் வழியாகத்தான் ஆங்கிலேய மருத்துவம் இந்நோயைக் கற்றது. நாடு திரும்பிச் சில ஆண்டுகள் கழித்துக் காரணமே புரியாத வலிப்போடு வந்த 450 பேரின் வரலாற்றைத் தொகுத்து 1961-ல் ஓர் அறிக்கை வெளியாயிற்று. படைவீரர்கள் என்பதால் அவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்க முடிந்தது. அதே ஊர்களில் அவர்களுக்குச் சமைத்துப் போட்டவர்களைத் தொடர்ந்து கவனிக்க யாரும் இருக்கவில்லை.

தமிழ்நாட்டில் இந்நோய் வெளிச்சத்துக்கு வந்தது வேலூரில். சி.டி. ஸ்கேன் புழக்கத்துக்கு வந்தபின், வலிப்போடு வந்த பலரின் மூளையில் ஒரே ஒரு சிறிய புள்ளி ஒளிர்வதை மருத்துவர்கள் கண்டார்கள். அது காசநோய்க் கட்டி என்றே நாடு முழுவதும் கருதப்பட்டது. நோயாளிகள் மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை விழுங்கினார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் அறுவை மருத்துவர்கள் அந்தப் புள்ளிகளை எடுத்துச் சோதித்து, அவற்றில் பெரும்பாலானவை சாகும் நிலையில் உள்ள புழுக்கட்டிகளே என்று நிறுவினார்கள். பின்னர் அவர்கள் வேலூர் மாவட்டத்தில் வீடு வீடாக நடத்திய ஆய்வில், வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் காரணம் இதுவே என்று தெரிந்தது. பன்றி இறைச்சி மிகக் குறைவாகவே உண்ணப்படும் மாவட்டம் அது. வாழ்நாள் முழுதும் மரக்கறி மட்டுமே உண்டவர்களும் நோயாளிகளில் இருந்தார்கள். "நாங்கள் கறியே சாப்பிடுவதில்லையே, எங்களுக்கு எப்படி?" என்ற கேள்வி அந்த மருத்துவர்களுக்குப் பழகிப்போன கேள்வியாகியிருக்கும்.

இனி பன்றி வளர்ப்பவரின் பக்கம் நின்று பார்க்க வேண்டும். உகாண்டாவில் 1980-களின் தொடக்கத்தில் இரண்டு லட்சத்துக்கும் குறைவாக இருந்த பன்றிகள் 2008-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 32 லட்சமாகப் பெருகியிருந்தன. ஓர் ஏழைக் குடும்பத்துக்கு மாட்டைவிடப் பன்றி வசதி: விலை குறைவு, ஓர் ஈற்றில் பத்துக் குட்டி, பள்ளிக் கட்டணம் கட்டும் மாதத்தில் ஒன்றை விற்றால் போதும். நகரத்திலோ சாலையோரப் பன்றிக் கறிக் கடைகளில் மாலையானால் கூட்டம் நெரியும். தான்சானியாவில் பன்றிக் கறிக்குக் 'கிட்டிமோட்டோ' என்று பெயர். 'சூடான இருக்கை' என்று பொருள். கரியில் வாட்டிய துண்டுகளோடு பச்சையாக நறுக்கிய தக்காளி, வெங்காயம், முட்டைக்கோஸ் வரும். நன்றாக வாட்டப்பட்ட கறியைவிட அந்தப் பச்சைக் காய்கறியில்தான், அது கழுவப்பட்ட நீரையும் அதை நறுக்கிய கையையும் பொறுத்து, வலிப்பைத் தரும் முட்டை இருக்க வாய்ப்பு அதிகம்.

வீட்டுப் பன்றி பகலெல்லாம் ஊர் சுற்றி மேய்வதற்குக் காரணம் உரிமையாளரின் அலட்சியம் அல்ல, தீவனத்தின் விலை. பன்றியைக் கொட்டிலில் அடையுங்கள் என்ற அறிவுரை எல்லாக் கையேட்டிலும் முதல் வரியாக இருக்கிறது. அடைத்தபின் அது எதைத் தின்னும் என்பதைப் பல கையேடுகள் சொல்வதில்லை. நட்டு அறுவடை செய்யும் காலத்தில், பயிரை அழித்துவிடும் என்பதற்காகக் கட்டிப்போட்டு, அறுவடை முடிந்ததும் அவிழ்த்துவிடுவதுதான் கிழக்கு, தென் ஆப்பிரிக்கப் பகுதிகளின் பல ஊர்களில் நடைமுறை. அவிழ்த்துவிட்ட அந்த மாதங்கள் போதும், நாடாப்புழுவுக்கு.

பெருவின் ஆண்டிஸ் மலையில் ஹுவான்காயோ போன்ற ஊர்களில் கூடும் சந்தைகளில் ஒரு காட்சி உண்டு. வாங்க வந்தவர் பன்றியைப் பக்கவாட்டில் சாய்த்துக் காலை அழுத்திப் பிடித்துக்கொள்கிறார். வாய்க்குக் குறுக்கே ஒரு கட்டையைக் கொடுத்துத் திறந்து, துணியால் நாக்கைப் பற்றி வெளியே இழுத்து, நாக்கின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்க்கிறார். அரிசிமணிபோல ஏதாவது உருண்டால் பேரம் அங்கேயே மாறிவிடும். தடவிப் பார்க்காமல் யாரும் பன்றி வாங்குவதில்லை. மெக்சிகோவிலும் தான்சானியாவிலும்கூட இதே பரிசோதனை வழக்கத்தில் இருக்கிறது. நிறையக் கட்டிகள் உள்ள பன்றியை இது நம்பகமாகக் காட்டிக்கொடுக்கும். குறைவாக உள்ளது தப்பிவிடும்.

கட்டி உள்ளது என்று தெரிந்த பன்றிக்கு அதன்பின் என்ன ஆகிறது என்பதில்தான் சட்டத்தின் தோல்வி தெரிகிறது. அரசு அறுவைக்கூடத்துக்குப் போனால் இறைச்சி ஆய்வாளர் அதைப் பறிமுதல் செய்து அழிப்பார், இழப்பீடு கிடையாது. ஆகவே உரிமையாளர் அங்கே கொண்டுபோவதே இல்லை. பெருவில் 1990-களின் தொடக்கத்தில் நடந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: நோயற்றவை என்று சந்தையில் தேர்ந்தவை மட்டும் அறுவைக்கூடத்துக்குப் போயின, கட்டி உள்ளவை குறைந்த விலைக்குக் கைமாறி, வீட்டுக் கொல்லையில் அறுக்கப்பட்டு, மசாலா சேர்த்த பண்டங்களாகவும் உள்ளூர் விற்பனையாகவும் கரைந்தன. அறுவைக்கூடத்தின் பதிவேட்டில் நோய் இல்லை. ஊரில் நோய் இருந்தது. கடுமையான சட்டம் இறைச்சியைப் பாதுகாப்பானதாக ஆக்கவில்லை, கண்ணில் படாத இடத்துக்குத் தள்ளியது. இழப்பீடு இல்லாத பறிமுதல் என்பது, ஊரின் நோய்க்கான அபராதத்தை அந்த ஊரிலேயே மிக ஏழையான ஒருவரிடம் வசூலிப்பது. அவர் அதைத் தவிர்க்க வழி தேடுவதில் வியப்பில்லை. நல்ல வேகவைப்பு கட்டியைக் கொன்றுவிடும். முழுதும் உறைய வைத்துச் சில நாள் வைத்திருந்தாலும் கொன்றுவிடும். அப்படிப் பதப்படுத்திய இறைச்சியைக் குறைந்த விலைக்காவது விற்க அனுமதிக்கும் முறை இருந்தால், நாக்கைத் தடவிப் பார்த்தவரே பன்றியை அறுவைக்கூடத்துக்கு ஓட்டி வருவார் என்பது என் எண்ணம்.

கழிப்பறை கட்டிவிட்டால் சங்கிலி அறுந்துவிடாதா என்ற கேள்வி இயல்பானது. ஐரோப்பாவில் இந்நோய் பெரும்பாலும் மறைந்ததற்குக் கழிப்பறை, கொட்டில், இறைச்சி ஆய்வு மூன்றும் பல பத்தாண்டுகளில் ஒன்றுசேர்ந்ததே காரணம். மூன்றில் எது முதன்மை என்று பிரித்துச் சொல்ல முடியாது. சாம்பியாவின் கட்டேட்டே மாவட்டத்தில், ஊர் மக்களையே முன்னிறுத்தித் திறந்தவெளிப் பழக்கத்தை ஒழிக்கும் இயக்கம் நடந்த கிராமங்களில் பன்றிகளைச் சோதித்தபோது, தொற்று குறைந்ததாகத் தெரியவில்லை. கழிப்பறை இருப்பது வேறு, எல்லோரும் எப்போதும் அதையே பயன்படுத்துவது வேறு. வயலில் இருக்கும்போது யாரும் வீட்டுக்கு ஓடி வருவதில்லை. கதவில்லாத குழிக் கழிப்பறைக்குள் பன்றி தாராளமாக நுழையும். முட்டைகளோ ஈரமான மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கழிப்பறை வேண்டாம் என்பதற்கு இது வாதம் ஆகாது. வயிற்றுப்போக்கு முதல் வேறு பல நோய்களுக்கு அது வேண்டும். இந்தப் புழுவுக்கு அது மட்டும் போதாது.

மனிதரின் குடலில் உள்ள புழுவை மாத்திரையால் வெளியேற்றுவது இன்னொரு வழி. நிக்ளோசமைடு அல்லது பிராசிகுவாண்டெல், பெரும்பாலும் ஒரே வேளை மருந்து. ஆனால் பிராசிகுவாண்டெல் இரத்தத்தில் கலந்து மூளைவரை போகக்கூடியது. யாரும் அறியாமல் மூளையில் உறங்கிக் கிடக்கும் கட்டியை அது தாக்கினால், முன்பு சொன்ன அந்த விசித்திரம் இங்கே தலைகாட்டும்: இதுவரை நலமாக இருந்தவருக்கு மருந்து சாப்பிட்டபின் தலைவலியோ வலிப்போ வரலாம். குடலிலிருந்து உறிஞ்சப்படாத நிக்ளோசமைடில் அந்த அச்சம் இல்லை; ஆனால் அது எல்லா நாடுகளிலும் எளிதில் கிடைப்பதில்லை. நம் ஊர்ப் பள்ளிகளில் குடற்புழு நீக்கத்துக்குக் கொடுக்கும் ஒற்றை அல்பெண்டசோல் மாத்திரையை நாடாப்புழுவுக்கு நம்பியிருக்க முடியாது.

இவ்வளவு சிக்கலுக்குப் பின்னும் பெருவின் வட கோடியில் உள்ள டும்பெஸ் பகுதியில் சங்கிலி அறுக்கப்பட்டது. 1993-லேயே சர்வதேச நிபுணர் குழு ஒன்று இந்தப் புழுவை ஒழித்துவிடக்கூடிய நோய்களின் பட்டியலில் சேர்த்திருந்தது. அது வெறும் கூற்று அல்ல என்பதற்கு முதல் சான்று டும்பெஸ். பெரு நாட்டு ஆய்வாளர் எக்டர் கார்சியாவின் குழு, எந்த முறை வேலை செய்கிறது என்று முதலில் சில கிராமங்களில் ஒப்பிட்டுப் பார்த்து, பிறகு 107 கிராமங்களில் மனிதருக்கு நிக்ளோசமைடு, பன்றிக்குப் புழுக்கட்டியைக் கொல்லும் ஆக்ஸ்ஃபெண்டசோலும் தடுப்பூசியும் என்று ஒரே சமயத்தில் இரு பக்கமும் தாக்கியது. 80,000-க்கும் மேற்பட்ட மக்கள், 55,000-க்கும் மேற்பட்ட பன்றிகள். முடிவில் பன்றிகளை அறுத்து, உடல் முழுவதையும் மெல்லிய துண்டுகளாகச் சீவித் தேடியதில், 107-ல் 105 கிராமங்களில் பரவல் நின்றுபோனது தெரிந்தது. 2016-ல் இம்முடிவு வெளியானது. கடினமான உழைப்பு, தாராளமான நிதி, வீடு வீடாக நடந்த பணியாளர்கள். ஒரு மாவட்ட கால்நடை அலுவலகத்தின் ஆண்டுச் செலவில் இதைச் செய்துவிட முடியாது.

அந்தத் தடுப்பூசி மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் மார்ஷல் லைட்டவ்லர்ஸ் குழுவின் ஆய்வில் உருவானது. அதை வணிக அளவில் உற்பத்தி செய்யும் நிறுவனம் ஐதராபாத்தில் இருக்கிறது. கேமரூனின் வட பகுதியில் நடந்த களச் சோதனையில், தடுப்பூசியும் ஆக்ஸ்ஃபெண்டசோலும் பெற்ற பன்றிகள் ஒன்றில்கூட உயிருள்ள கட்டி இல்லை. பெறாதவற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இருந்தது. அறிவியல் முடிந்துவிட்டது என்றே சொல்லலாம். முடியாதது கணக்கு. புழுக்கட்டியால் பன்றிக்கு நோயில்லை. அது நன்றாகத் தின்கிறது, எடை கூடுகிறது, குட்டி போடுகிறது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்தால் ஒரே வாரத்தில் பட்டி காலியாகும் என்பதால், அதற்கு ஊசி இருந்தால் எந்த விவசாயியும் கடன் வாங்கியாவது போடுவார். கண்ணுக்கு நலமாகத் தெரியும் பன்றிக்கு, வேறு யாருக்கோ பத்தாண்டு கழித்து வலிப்பு வராமலிருக்க, இரண்டு தவணை ஊசிக்குக் காசு கொடு என்று அவரிடம் கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாது. அந்த வலிப்பின் செலவைச் சுமப்பது சுகாதாரத் துறை. ஊசியைக் கையில் வைத்திருப்பது கால்நடைத் துறை. கழிப்பறை உள்ளாட்சித் துறையினுடையது. மூன்று துறைகளின் வரவு செலவும் தனித்தனிப் பேரேடுகளில் இருக்கும்வரை, சேமிப்பு ஒரு பேரேட்டிலும் செலவு இன்னொன்றிலும் விழுந்துகொண்டே இருக்கும்.

எனரோட்டலியில் தொடங்கிய பரவல் அங்கேயே நிற்கவில்லை. விருந்துக்கும் சீருக்கும் கைமாறிய பன்றிகளோடும் ஊர்விட்டு ஊர் நடந்த மனிதர்களோடும் அது மலைகளைக் கடந்தது. 1990-களில் வாமெனாவைச் சுற்றியுள்ள பலியெம் பள்ளத்தாக்கில் அதே வலிப்பும் அதே தீக்காயங்களும் பதிவாயின. பப்புவாவின் மலைப்பகுதி இன்றும் இந்நோயின் நிலையான இருப்பிடம். அன்பளிப்பு புறப்பட்ட பாலியிலோ, அதே காலத்தில் பன்றிகள் கொட்டிலுக்குள் போயின, வீடுகளுக்குக் கழிப்பறை வந்தது. கிழக்கே கரங்காசெம் மலைக் கிராமங்களில் எப்போதாவது கண்டறியப்படும் சிலரைத் தவிர, அங்கே இந்த நோயாளியைக் காண்பது அரிதாகிவிட்டது.